காபியும் சர்க்கரையும் நம் உடல்நலமும்

"டாக்டர், இனி காபியை விட்டுவிட வேண்டுமா?" நீரிழிவு நோய் இருப்பது தெரிந்தவுடன் நம்மவர் பலர் கேட்கும் முதல் கேள்வி இது. சோற்றைப் பற்றியும் பலகாரத்தைப் பற்றியும் பிறகுதான் கேட்பார்கள். விடியற்காலையில் ஒரு டம்ளர் காபி உள்ளே போனால்தான் பொழுது விடிந்தது என்று நினைக்கும் சமூகம் நம்முடையது. ஆகவே நம் சங்க அன்பர்களுக்கு இதைப் பற்றிச் சற்று விளக்கமாகக் கூற விரும்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. காபி நாம் பயந்த அளவுக்குக் கெட்டதல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1991-இல் காபியின் மீது சந்தேகம் தெரிவித்திருந்தது. 2016-இல் அந்தச் சந்தேகத்தை விலக்கிக்கொண்டது. ஆனால் 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எந்தப் பானத்தைக் குடித்தாலும் உணவுக்குழாய்க்குக் கெடுதல் நேரலாம் என்று அப்போதே எச்சரித்தது. ஆற்றிக் குடிக்கும் நம் வழக்கம் நல்ல வழக்கமே. காபி அருந்துபவர்களுக்கு நீரிழிவு சற்றுக் குறைவாகவே வருகிறது என்றும் பல நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காகக் காபியை மருந்தாக எண்ணிவிடக் கூடாது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பாதகமில்லை. கர்ப்பிணிகளுக்கு 200 தான் எல்லை. டிகாக்ஷன் திடமாக இருக்கும் வீடுகளில் மூன்று கோப்பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்படியானால் குற்றவாளி யார்? சர்க்கரை ஸ்பூன்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டீ ஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். கோப்பைக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நான்கு கோப்பை என்றால் 32 கிராம். ஆண்டுக்குப் பதினொன்றரை கிலோவுக்கு மேல்! கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரையை நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் வைப்பது உத்தமம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2015-ஆம் ஆண்டு யோசனை. காபியிலேயே அது தாண்டிவிடுகிறது. பிஸ்கட்டும் கேசரியும் இன்னும் கணக்கில் வரவில்லை. வெல்லமும் தேனும் நாட்டுச் சர்க்கரையும் கெடுதல் செய்யாது என்று சிலர் நம்புகிறார்கள். இரத்தத்தில் சேர்ந்தபின் அவையும் சர்க்கரையே.

பிரிட்டனில் வாழும் தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். ஆகவேதான் உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தில் (பி.எம்.ஐ.) மற்றவர்களுக்கு 25 என்றிருக்கும் எச்சரிக்கை எல்லை நமக்கு 23 என்று வைக்கப்பட்டிருக்கிறது. "நான் ஒல்லிதானே" என்று இருந்துவிட முடியாது.

சர்க்கரைக்குப் பதில் மாத்திரை போடலாமா? 1879-இல் கண்டுபிடிக்கப்பட்ட சாக்கரின் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக 1970-களில் பெரும் பீதி எழுந்தது. மனித உடலுக்கு அது பொருந்தாது என்று பின்னர் தெரியவந்து, அமெரிக்காவில் அதன் மீதிருந்த எச்சரிக்கை வாசகம் 2000-இல் நீக்கப்பட்டது. 2023-இல் அஸ்பர்டேம் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டது உண்மை. ஆனால் உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய அன்றாட வரம்பை நிபுணர் குழு மாற்றவில்லை. காபியில் போடும் இரண்டொரு மாத்திரை அந்த வரம்புக்கு அருகில்கூட வராது. பினைல்கீட்டோனூரியா என்ற அபூர்வமான பிறவி நோய் உள்ளவர்கள் மட்டும் அஸ்பர்டேமை அறவே தவிர்க்க வேண்டும்.

இருந்தாலும், எடையைக் குறைப்பதற்காக இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று அதே 2023-இல் உலக சுகாதார ஸ்தாபனம் கூறியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த யோசனை பொருந்தாது. அவர்களுக்குச் சர்க்கரையைவிட மாத்திரை மேல். ஆனால் காபியில் மாத்திரையும் கையில் மைசூர்பாகுமாக இருந்தால் என்ன பயன்? மாத்திரை ஒரு ஊன்றுகோல். நாக்கு இனிப்பையே தேடும் வழக்கத்தை அது மாற்றாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை ஸ்பூனாகக் குறைத்து வாருங்கள். இரண்டு மாதத்தில் பழைய காபி பாயசம் போல் திகட்டும்.

இனி மிக முக்கியமான ஒன்று. ஏகாதசி, சஷ்டி விரத நாட்களில் சிலர் நீரிழிவு மருந்தை வழக்கம்போல் உட்கொண்டு, காபி மட்டும் குடித்துப் பட்டினி இருக்கிறார்கள். இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இது ஆபத்து. வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் இனிப்பூட்டி கலந்த காபி ஒரு பலனும் தராது. அப்போது தேவை அசல் சர்க்கரையே. நான்கு டீ ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். கால் மணியில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் ஆகாரம் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள். விரதம் தொடங்குமுன் மருந்தின் அளவைப் பற்றி உங்கள் டாக்டரைக் கலந்துகொள்ளுங்கள்.

முடிவாக, நம் சங்கத்துச் சமையற்கூடத்தில் சேவை செய்யும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பஜனை முடிந்ததும் வழங்கும் காபியில் பாத்திரத்திலேயே சர்க்கரையைக் கலந்துவிடாதீர்கள். சர்க்கரையைத் தனியாக வையுங்கள். வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளட்டும். இப்போது நீரிழிவுக்காரர்கள், கொடுப்பவர் மனம் நோகக்கூடாதே என்று பேசாமல் வாங்கிக் குடித்துவிடுகிறார்கள். சர்க்கரைப் பொங்கல் பிரசாதத்தை மறுக்கும்படி நான் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு ஸ்பூன் பிரசாதத்திலும் இறைவன் அருள் குறைவின்றி இருக்கிறது.

காபி என்பவரும் கோப்பி என்பவரும், சர்க்கரை என்பவரும் சீனி என்பவரும் ஒரே கூரையின் கீழ் கூடும் நம் சந்நிதியில் யாவரும் நோயற்ற வாழ்வு பெற எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.