தாடைக்குள் ஓர் ஏரிக்கரை

தங்கச்சி, நீ கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. "பாட்டிக்குப் பல் வலி என்றுதான் படம் எடுத்தார்கள். இடுப்பு எலும்பையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்கிறாரே, எப்படி?" என்றாய். சபாஷ்! உலகத்தில் பல ஆராய்ச்சியாளர்கள் மண்டையைக் குடைந்துகொண்ட கேள்வி அது.

வா, வீராணம் ஏரிக்கரைக்குப் போவோம். லால்பேட்டைப் பிள்ளைக்கு நான் அந்தக் கரையைச் சொல்லித்தர வேண்டுமா என்ன! அந்தக் கரையை உள்பக்கமாக அலை அரிக்கிறது என்று வைத்துக்கொள். வெளியே நின்று பார்த்தால் கரை அதே உயரம்தான். உள்ளே அகலம் மட்டும் குறைந்துகொண்டே வரும்.

எலும்பிலும் இப்படி நடக்கும். எலும்பு கல் இல்லை, கண்ணு. அதற்கு உயிர் உண்டு. பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் உண்டு, புதிதாகக் கட்டும் செல்கள் உண்டு. உன் வயதில் கட்டுகிற செல்களின் கை ஓங்கியிருக்கும். வயதானால் கரைக்கிற செல்களின் கை ஓங்கிவிடும். பெண்களுக்கு 50 வயதை ஒட்டி, எலும்பைக் காத்துவந்த ஒரு ஹார்மோன் குறைந்துபோகிறது. அதனால் அவர்களுக்கு அரிப்பு வேகமாகிறது.

இதற்கு எலும்புப்புரை என்று பெயர். எலும்புத் தேய்மானம் என்றும் சொல்வார்கள். ஆனால் முட்டி தேய்வதையும் அப்படியே சொல்வதால், எனக்கு எலும்புப்புரைதான் சரியாகப் படுகிறது. இது வலிக்காமல் வளரும். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பிறகுதான் பல பாட்டிகளுக்குத் தெரியவருகிறது. அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

இதுவரை புரிந்ததா? சரி, இப்போது படத்துக்கு வருவோம்.

எக்ஸ் கதிர் சதைக்குள் சுலபமாகப் புகுந்து போய்விடும். கால்சியம் நிறைந்த எலும்பு அதை மறிக்கும். மறித்த இடம் படத்தில் வெள்ளை. ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே ஓட்டோ வால்க்ஹாஃப் என்ற ஜெர்மன் பல் மருத்துவர் தன் பற்களையே படம் எடுத்துக்கொண்டார். 25 நிமிடம் ஆடாமல் அசையாமல் இருந்தாராம்! வகுப்பில் ஒரு மணி அடித்து அடுத்த மணி அடிப்பதற்குள் பாதி நேரத்துக்கு மேல் போய்விடும்.

இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. சிதம்பரம் பக்கம் அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா பெயரில் இருந்த பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அதுபோன்ற இடங்களில் "ஓ.பி.ஜி. எடுத்துட்டு வாங்க" என்பார்கள். எந்திரம் தலையைச் சுற்றி வரும். அரை நிமிடத்துக்குள் இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழுந்துவிடும்.

அந்தப் படத்தில் கீழ்த்தாடையின் அடியோரமாக ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். அதுதான் நம் ஏரிக்கரை! கடைவாய்ப் பற்களுக்குக் கொஞ்சம் முன்னால், தாடையில் நரம்பு வெளியே வர ஒரு சின்னத் துளை உண்டு. அதற்கு நேர் கீழே பட்டையின் அகலத்தை அளப்பார்கள். 3 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் சந்தேகம் வரும். உன் ஸ்கேலை எடுத்து மூன்று சின்னக் கோட்டை எண்ணிப் பார், எவ்வளவு மெல்லியது!

அகலம் மட்டும் இல்லை. பின்லாந்தைச் சேர்ந்த கிளெமெட்டியும் கூட்டாளிகளும் 1994இல் கரையின் உள்ளோரத்தை உற்றுப் பார்த்தார்கள். சிலருக்கு அது வழவழப்பாக இருந்தது. சிலருக்குப் பிறை பிறையாக அரித்திருந்தது. சிலருக்கு நண்டு வளை போலப் புரையோடியே போயிருந்தது. ஜப்பானில் தகுச்சி போன்றவர்களும் இதையே பல ஆண்டுகளாக ஆராய்ந்தார்கள். இப்போது கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, அரித்த கரையைக் கண்டுபிடிக்கப் பழக்குகிறார்கள்.

ஒன்றை மறந்துவிடாதே. பல் படம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். முடிவு சொல்வது, இடுப்பையும் முதுகெலும்பையும் அளக்கும் டெக்சா என்ற வேறொரு சோதனை. அதற்கான எந்திரம் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. பல்லுக்கு ஏற்கெனவே எடுத்த படமே, யார் அங்கே போக வேண்டும் என்று காட்டிவிட்டால் எவ்வளவு நல்லது! இதற்காகவே புதிதாகப் படம் எடுக்க வேண்டியதில்லை.

பாட்டியின் படம் வீட்டு அலமாரியில் இருக்கும், கேட்டு வாங்கு. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடி. அடியோரத்தில் அந்த வெள்ளைக் கரை தெரிகிறதா?