மலைப்பாதை பஸ்ஸுக்கும் பெரட்டு வேண்டும்

தோட்டத்தில் பெரட்டு எதற்கு என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியுமுன் பெயர் கூப்பிட்டு, வந்தவர் யார், வராதவர் யார் என்று செக்ரோலில் பதிந்தால்தான் கணக்கு. பதிந்த புத்தகத்தைக் கிராணியார் புரட்டிப் பார்க்காவிட்டால் அதனால் பயன் என்ன?

இப்பொழுது பஸ்களுக்கும் அப்படியொரு பெரட்டு வந்துவிட்டது. விரைவு பஸ்களிலும் சுற்றுலா பஸ்களிலும் ஜி.பி.எஸ். என்னும் இடங்காட்டும் கருவி கட்டாயம் என்கிறது அரசாங்கம். வானத்துத் துணைக்கோள்களின் சைகையைப் பெற்று, பஸ் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதைக் கைத்தொலைபேசி அலைவழியே கம்பெனிக்கு அது தெரிவிக்கும். மலை மறைவில் தொடர்பு அறுந்தால், நல்ல கருவி சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும்.

"நமக்கு அது என்னத்துக்கு?" என்று கேட்பாரும் உண்டு. நடந்ததைப் பாருங்கள்.

2010 டிசம்பர் 20இல் கேமரன் மலையிலிருந்து இறங்கிய பஸ் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோர் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகள். 2013 ஆகஸ்ட் 21இல் கெந்திங் மலையிலிருந்து 53 பேருடன் இறங்கிய பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் போனார்கள். 2025 ஜூன் 9, நள்ளிரவு கடந்த நேரம், கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் 15 பல்கலைக்கழகப் பிள்ளைகள் பலியானார்கள். ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குப் படிக்கத் திரும்பிய பிள்ளைகள் அவர்கள். நம் லயத்துப் பிள்ளைகளும் இப்படித்தானே இரவு பஸ் ஏறிப் போகிறார்கள்!

மூன்றுமே இறக்கத்தில் நடந்தவை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரைக் குறைத்து, மெதுவாக இறங்குவதே முறை. அவசரமாய் ஓட்டும் டிரைவர் ஒரே நாளில் அப்படி ஆகிவிடுவதில்லை. நேற்றும் ஓட்டியிருப்பார், முந்தாநாளும் ஓட்டியிருப்பார். அந்த வேகமெல்லாம் கருவியில் பதிவாகும். கம்பெனியில் ஒருவர் அன்றன்றைக்கு அதைப் பார்த்து, டிரைவரைக் கூப்பிட்டுக் கண்டித்தால் உயிர் தப்பும். பார்க்காமல் விட்டால், செத்தபிறகு விசாரணைக்குத்தான் அந்தக் கணக்கு உதவும்.

ஆகவே கோயில் பயணத்துக்கோ சுற்றுலாவுக்கோ பஸ் பேசும் தலைவர்மார்கள் வாடகை எத்தனை வெள்ளி என்பதோடு நிறுத்தக்கூடாது. "ஜி.பி.எஸ். வேலை செய்கிறதா? அதை யார் பார்க்கிறார்கள்? இரவுப் பயணத்துக்கு மாற்று டிரைவர் உண்டா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு பஸ் பாருங்கள். பத்து வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய்ப் பிள்ளையைப் பறிகொடுக்கலாமா?

ஏறியதும் இருக்கைவாரை மாட்டுங்கள். விரைவு, சுற்றுலா பஸ்களில் 2025 ஜூலை 1 முதல் அதுவும் சட்டம். டிரைவர் பறந்தால் வாயை மூடிக்கொண்டிராமல், "அண்ணே, மெதுவாப் போங்க" என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் பஸ் எண்ணையும் நேரத்தையும் குறித்து ஜே.பி.ஜே.யிடம் புகார் செய்யுங்கள். கருவி பேசாது, பயணிகளாகிய நாம்தான் பேச வேண்டும்.