குளத்து மீனும் இராக் கள்வனும்

நீர்நாய் வாளை மீனைக் கவர்ந்து இரையாகக் கொள்ளும் காட்சி சங்கப் பாடல்களில் வருகின்றது. குறுந்தொகையிலும் ஐங்குறுநூற்றிலும் அதனைக் காணலாம். மருதநிலத் தலைவனுடைய ஒழுக்கத்தைக் குறிப்பினால் உணர்த்துதற்குப் புலவர் அக்காட்சியைக் கையாண்டனர். அப்பாடல்களை நெடுங்காலமாக வகுப்பிலே படிப்பித்து வரும் யான், கவரப்பட்ட மீனைப் பற்றி ஒருநாளேனும் சிந்தித்ததில்லை. உள்ளுறை எது, இறைச்சி எது என்று மாணவர்க்குப் பிரித்துக் காட்டுவதிலேயே பாடவேளை கழிந்துவிடும். அம்மீனை வளர்த்தவர் ஒருவர் இருந்திருப்பின் அவருள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்ற வினா என்னிடத்தே எழுந்தது சென்ற ஆவணி விடுமுறையிலேதான். எழுந்த இடம் மருதநிலம் அன்று. கனடா நாட்டின் ரொறன்ரோ மாநகரம்.

அந்நகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபுறோவிலே நம்மவர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். எனது தங்கையும் அவருள் ஒருத்தி. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவள் தன் பின்வளவிலே சிறு குளம் ஒன்றை அகழ்ந்து, யப்பானியர் கோய் என்று அழைக்கும் வண்ணக் கெண்டை ஏழினை விட்டு வளர்த்தாள். மாரியிலே குளத்தின் மேற்பரப்பு உறைந்து பாறையாகிவிடும். மீன்கள் அடியிலே அசைவின்றிக் கிடந்து, இளவேனில் வந்ததும் மேலெழும். "இந்தக் குளத்தடியில் நின்றால் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்பது போல இருக்கும், அண்ணா" என்று அவள் யான் சென்ற அன்றே சொன்னாள்.

மூன்றாம் நாட் காலையிற் குளத்தடி அலங்கோலமாகக் கிடந்தது. அல்லிச் சாடிகள் கவிழ்ந்திருந்தன; இலைகள் கிழிந்து மிதந்தன. இரண்டு மீன்களைக் காணவில்லை. மூன்றாவது, தலையும் பாதியுடலுமாகக் கரையிலே கிடந்தது. தங்கை ஒன்றும் பேசவில்லை. ஒரு கடதாசியை எடுத்து வந்து, எஞ்சியதைச் சுற்றி, மேப்பிள் மரத்தடியிலே புதைத்தாள்.

கள்வன் யார் என்பது முதல் வினா. கொக்கினத்துப் பெரும்பறவையாகிய நாரையும் அந்நாட்டுக் குளங்களிலே மீன் கவர்வதுண்டு. ஆனால் நாரை பகலிலே, பெரும்பாலும் விடியற்பொழுதில் வரும், மீனை முழுதாக விழுங்கிப் பறந்துவிடும், சாடியைக் கவிழ்க்காது. சாடி கவிழ்ந்து, செதிள் சிந்தி, அரைகுறையாகத் தின்ற உடல் கரையிற் கிடப்பின் அது றக்கூனின் வேலை என்று மைத்துனர் சொன்னார். சேற்றிலே பதிந்திருந்த சுவடு அவர் கூற்றை மெய்ப்பித்தது. ஐந்து விரல் விரிந்த அச்சுவடு குழந்தையொன்று கையூன்றிய தடம் போலவே இருந்தது.

அன்றிரவு மாடிச் சாளரத்தருகே விழித்திருந்தோம். பத்தரை மணியளவில் அது வந்தது. சாம்பல் நிற மயிர், வளையமிட்ட வால், கண்களைச் சுற்றி முகமூடி கட்டினாற்போன்ற கரும்பட்டை. அதன் பின்னே நான்கு குட்டிகள் வரிசையாக வந்தன. இளவேனிலிற் பிறந்து, தாயுடன் இரைதேடப் பழகும் பருவத்தன அவை. தாய், குளத்தின் ஓரப்படியில் நின்று இரு கைகளையும் நீரினுள் விட்டுத் துழாவியது. துழாவும்போது அதன் கண்கள் குளத்தை நோக்கவில்லை; வேறெங்கோ நோக்கியிருந்தன.

இது வியப்பன்று. றக்கூனுக்குக் கையே கண். அதன் மூளையிலே புலனுணர்வுக்குரிய பகுதியின் பெரும்பங்கு கைகளின் தொடுவுணர்ச்சிக்கே உரியது. நீரில் நனையுந்தோறும் அவ்வுணர்ச்சி மேலும் கூர்மையடையும் என்பர். கூண்டில் அடைபட்ட றக்கூன் உணவை நீரிலிட்டுப் புரட்டுவதைக் கண்ட மாந்தர், அது கழுவித் தின்கின்றது என்று எண்ணினர். ஓடையிலே இரை துழாவும் இயல்பூக்கம் கூண்டிலே அவ்வாறு வெளிப்படுகின்றது என்பதே பின்னையோர் கண்ட விளக்கம்.

தமிழ் படிப்பிப்போனுக்குப் பெயர் ஆராயாமல் இருக்க முடியாதன்றோ? றக்கூன் என்பது வேர்ஜீனியாப் பகுதியின் தொல்குடிகளுடைய மொழியிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொல்; கையாற் பிறாண்டுவது என்பது அதன் பொருள் என்பர். தொல்குடிகள் உள்ளதைக் கண்டு பெயரிட்டனர். பிறரோ 'கழுவும் கரடி' என்று பெயரிட்டனர். ஜேர்மனியரும் சுவீடியரும் யப்பானியரும் சீனரும் இன்றும் அவ்வாறே அழைக்கின்றனர். அது கழுவுவதுமில்லை, கரடியும் அன்று. இப்பிழைக்கு உயிரியற் பெயரீட்டின் தந்தையாகிய இலினேயசும் விலக்கல்லர். சுவீடன் இளவரசர் அளித்த றக்கூன் ஒன்றை அவர் வளர்த்து, 1747ஆம் ஆண்டில் அதனைப் பற்றி எழுதினார். கரடியினத்தோடு அதனைச் சேர்த்தார். அவர் வளர்த்த அவ்விலங்கு நாயாற் கடியுண்டு இறந்தது என்பது வரலாறு. பின்னர் வந்தோர் அதற்குச் சூட்டிய 'புரோசயன்' என்ற கிரேக்கப் பெயருக்கோ 'நாய்க்கு முன்னது' என்பது பொருள். நாய்க்கும் இதற்கும் உள்ள பகை பெயரிலேயே தொடங்கிவிட்டது போலும்!

அதன் அறிவும் சிறிதன்று. 1907ஆம் ஆண்டில் டேவிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 13 வகைப் பூட்டுகளை வைத்துச் சோதித்தபோது, றக்கூன்கள் அவற்றுள் 11ஐத் திறந்தன. ரொறன்ரோ நகராட்சி, உணவுக்கழிவுத் தொட்டிகளை இவ்விலங்கு திறந்துவிடுகின்றது என்று, திருகித் திறக்கும் பூட்டுடைய புதிய தொட்டிகளை 2016இல் வீடுதோறும் வழங்கத் தொடங்கியது. அவற்றையும் சில றக்கூன்கள் திறந்த செய்தி ஈராண்டுக்குள் வெளிவந்தது. 1926இல் அமெரிக்க சனாதிபதி கூலிட்ஜுக்கு விருந்துணவுக்கென ஒரு றக்கூனை அனுப்பினார்கள். அவரோ அதனை உண்ணாது, றெபேக்கா என்று பெயரிட்டு வெள்ளை மாளிகையிலே வளர்த்தார். வெறுப்போர் வெறுக்கவும் விரும்புவோர் விரும்பவும் இடந்தரும் விலங்கு அது.

எங்கள் வீட்டிலும் இவ்விரு பக்கமும் எழுந்தன. மருமகன் வெகுண்டான். "மாமா, பொறி வைத்துப் பிடித்துத் தூரத்துக் காட்டில் விட்டுவிடுவோம்" என்றான். மைத்துனர் மறுத்தார். பிடித்த காட்டு விலங்கை, பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பாற் கொண்டுபோய் விடலாகாது என்பது ஒன்ராறியோ மாகாணத்துச் சட்டம். நோய் பரவாதிருத்தற்கும், அறியாத இடத்தில் விலங்கு மடியாதிருத்தற்கும் வகுத்த விதி அது. தாயைப் பிடித்துவிட்டால் குட்டிகள் தனித்துவிடும். அன்றியும், உணவும் உறைவிடமும் இருக்கும் வளவுக்கு ஒன்று போனால் மற்றொன்று வரும். மீனை இழந்த தங்கையே இறுதியிற் சொன்னாள்: "அதுவும் பிள்ளைக்காரி. குளத்தைத் திறந்து வைத்தது நாங்கள்தானே."

ஆகவே காவல் செய்வதென முடிந்தது. அப்பொழுது எனக்கு வள்ளுவரின் அரணதிகாரம் நினைவுக்கு வந்தது. உயரம், பரப்பு, உறுதி, பகைவர் அணுகுதற்கருமை என்னும் நான்கும் அமைந்ததே அரண் என்று நூலோர் கருத்தாக அவர் கூறுகின்றார். மன்னர்க்குச் சொன்ன இலக்கணம் மீனுக்கும் பொருந்துவதாயிற்று.

குளத்துக்கு உயரம் என்பது ஆழம். தங்கையின் குளம் நடுவிலே நாலடி ஆழமுடையது. மாரிக்கு அது போதும். ஆனால் சாடி வைப்பதற்கென ஓரத்திலே ஒரு சாண் ஆழத்திற் படியொன்று சுற்றிவர இருந்தது. றக்கூன் நன்றாக நீந்த வல்லதாயினும், நின்று துழாவி வேட்டையாடவே விரும்பும். அதற்கு நாமே அமைத்துக் கொடுத்த மேடை அப்படி! சீமெந்துக் கற்களை அடுக்கி அதனை இல்லாமற் செய்து, கரை செங்குத்தாக இறங்கும்படி அமைத்தோம். பரப்பைக் கூட்ட இயலவில்லை. நீரின்மேற் கவிந்த கிளையைத் தறித்து, நடுவிலே கிடந்த மிதிகல்லையும் அகற்றினோம். உறுதிக்குக் கம்பிவலை. வலையைத் தளர விரித்தாற் பயனில்லை. விலங்கு அதன்மேல் ஏறித் தாழ்த்தி, கண்களினூடே மீனைப் பற்றும். ஆதலின் மரச்சட்டத்திலே இறுக்கி, ஓரங்களை முளையடித்து நிறுத்தினோம். அணுகுதற்கருமைக்கு மின்வேலி. நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றரில் ஒரு கம்பியும் 30 சென்ரிமீற்றரில் மற்றொன்றும் சுற்றி, இரவில் மட்டும் மின்னோட்டம் விட்டோம். அதற்கென விற்கும் கருவி உயிரைக் கொல்லாது. விட்டுவிட்டுச் சுரீரென அதிர்ச்சி தரும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது பெருங்கேடு. அதனை ஒருவரும் நினைத்தும் பார்க்கலாகாது.

அரணின் உள்ளே இருப்போர்க்கு வாழ்வு எளிதாயிருத்தல் வேண்டும் என்பதும் வள்ளுவர் கருத்து. குளத்தினடியிலே அகன்ற சுடுமண் குழாய்கள் மூன்றினை இட்டோம். அபாயம் வந்தால் மீன் புகுந்து ஒளிப்பதற்கு அவை குகையாயின. ஒளியைக் காட்டியும் ஓசையெழுப்பியும் வெருட்டுவது சில நாட்களுக்கே பயன்படும். அறிவுள்ள விலங்கு ஆபத்தில்லை என்று கண்டுகொள்ளும். அசைவு கண்டவுடன் நீர் பீய்ச்சும் கருவி சற்று மேலானது. இவற்றிற்கெல்லாம் முற்பட்டது வளவைத் துப்புரவாக வைத்தல். விழுந்த பழம், பறவைக்கிட்ட தானியம், நாய்க்கு வைத்து மிஞ்சிய சோறு ஆகியவை இராத் தங்கினால் அவை அழைப்பிதழே.

நாய் என்றேன். அவ்வீட்டிலே மணி என்னும் சிறு நாயொன்று உண்டு; நிறை மூன்று கிலோகிராம் வரும். றக்கூனோ அதனினும் இரண்டு மூன்று மடங்கு பெரிது. றக்கூன் நாயைத் தேடிச்சென்று வேட்டையாடுவது அரிது. ஆனால் மூலையில் அகப்பட்டபோதும் குட்டிகளுடன் உள்ளபோதும் அது பின்வாங்காது.

இனிச் சொல்வது எனது பிழை. வேலி முடிவதற்கு முதல்நாள் இரவு, வெளியே ஏதோ அரவம் கேட்டு, விளக்கையும் போடாமல் யான் பின்கதவைத் திறந்தேன். மணி என் காலினூடே பாய்ந்தோடியது. அடுத்த கணம் குளத்தடியிலிருந்து எழுந்த அலறலை எழுத்தில் வடித்தல் இயலாது. மருமகன் கைகளை நீட்டி ஓடினான். "கையை வைக்காதே!" என்று கத்திய மைத்துனர், செடிகளுக்கு நீரிறைக்கும் குழாயைத் திருப்பி இரண்டின்மீதும் பீய்ச்சினார். பிடி விட்டது. தாய் றக்கூன் குட்டிகளுடன் வேலியேறி மறைந்தது. மணியின் காது கிழிந்து, தோளிலே பல்லூன்றியிருந்தது. கையுறை அணிந்தே அதனைத் தூக்கினோம். கடித்த விலங்கின் எச்சில் மயிரிலே படிந்திருக்கும் அல்லவா?

விலங்கு மருத்துவர் முதலிற் கேட்டது தடுப்பூசி அட்டையை. ஒன்ராறியோவில் றக்கூன் வழிப் பரவும் விசர்நோய் 1999இல் தோன்றியது. தடுப்புமருந்து பொதிந்த இரைகளை இட்டு அதனை ஒழித்தனர். ஆயினும் 2015 இறுதியில் ஹமில்ரன் பகுதியிலே மீண்டும் கண்டனர். அதனால் அங்குள்ளோர் இதில் அசட்டை செய்வதில்லை. மணிக்கு ஊசிகள் தவணை தவறாது போடப்பட்டிருந்தன. மேலும் ஓர் ஊசியும் எட்டுத் தையலும் இட்டு அனுப்பினார். மனிதரைக் கடித்திருந்தால் அக்கணமே சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது மருத்துவரிடம் செல்லவேண்டும் என்றும் சொன்னார். றக்கூன் ஒரே இடத்தில் எச்சமிடும் வழக்கமுடையது என்றும், அவ்வெச்சத்திலுள்ள உருளைப்புழுவின் முட்டை குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு செய்வதென்றும் அவரிடமே அறிந்தோம்.

அன்றுமுதல் அவ்வீட்டில் ஒரு விதி: இரவில் விளக்கைப் போட்டு, இரண்டுமுறை கைதட்டி, சிறிது பொறுத்தே கதவு திறக்கப்படும், மணி கயிற்றோடுதான் வெளியே போகும். கைதட்டினால் விலங்குக்கு விலகிச்செல்ல நேரம் கிடைக்கின்றது. பகையை வெல்வதிலும் பகை நேராமற் காப்பது எளிது என்பதை யான் ஒரு சிறு நாயின் காதை விலையாகக் கொடுத்துக் கற்றேன்.

எஞ்சிய நான்கு மீன்களும் பல நாட்கள் குழாயைவிட்டு வெளிவரவில்லை. யான் புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, வெண்மையிற் செம்புள்ளியிட்ட ஒன்று மெல்ல மேலே வந்து தங்கை இட்ட உணவைக் கவ்வியது. அவள் என்னைக் கூப்பிடவில்லை. கையாற் சைகை காட்டினாள். இவ்வாண்டு இளவேனிலில் அவள் தொலைபேசியிற் பேசினாள். பனி கரைந்துவிட்டது, நான்கும் உயிரோடிருக்கின்றன, கரையிலே கைச்சுவடு மட்டும் காண்கின்றது, வேலிவரை வந்து திரும்பிப் போயிருக்கின்றது என்றாள்.

சென்ற கிழமை வகுப்பிலே நீர்நாய்ப் பாடல் வந்தது. உள்ளுறையைச் சொல்லுமுன், அந்த வாளை மீன் எந்தக் குளத்தில் எவ்வளவு காலம் வாழ்ந்திருக்கும் என்று மாணவரைக் கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழுந்து, "நீர்நாய்க்கும் குட்டி இருந்திருக்கும், சேர்" என்றான். அவனை இருக்கச் சொல்லிவிட்டு, பாடலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன்.