இரண்டு தண்டல், ஒரு படகு!

பாபநாசத்தில் ஒரு படகில் ஏறி உட்கார்ந்து, தாமிரபரணி போகிற போக்கிலேயே போய்க் கடலைப் பிடித்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் வழிமறித்துப் படுத்திருக்கின்றன. எட்டு இடத்திலும் படகைத் தலையில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். அதனால் புன்னைக்காயல் வரை காரிலேயே போய்விடுவோம். ஆறு கடலில் விழுகிற அந்த இடத்துக்கு அப்பால்தான் நம் கதை மிதந்துகொண்டிருக்கிறது.

என்ன கதை? புருஷனும் பெண்டாட்டியுமாகச் சொந்தப் படகு ஒன்றை வாங்கி, அதையே வீடாக்கிக்கொண்டு, கரையோரமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிற வாழ்க்கை. வெள்ளைப் பாய், நீலக் கடல், கையில் இளநீர் என்று படத்தில் பார்த்திருப்பீர்கள். படத்தில் வராத பக்கத்தைத்தான் இப்போது எட்டிப் பார்க்கப் போகிறோம். அடுக்களை, கக்கூஸ், சண்டை எல்லாம் உண்டு!

ஏறுவதற்கு முன் ஒரு விஷயம். இந்தப் படகு கற்பனை. பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி வந்த இதன் சொந்தக்கார அண்ணாச்சியும் மதினியும் கற்பனை. 36 அடி நீளம், ஒற்றைப் பாய்மரம், ஆபத்துக்கு உதவ ஒரு டீசல் என்ஜின். ஆனால் உள்ளே நீங்கள் பார்க்கப்போகும் சாமான்களும் பழக்கங்களும், இப்படி வாழ்கிற ஜோடிகளிடம் நிஜமாகவே இருப்பவை. சரி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். இது அவர்கள் வீட்டு விதி. கொஞ்சம் மணல் உள்ளே வந்தால் போதும், ராத்திரி படுக்கை வரை வந்துவிடும்.

இவ்வளவுதானா வீடு?

இவ்வளவுதான்! நடுவில் ஒரு மேஜை, இரண்டு பக்கமும் நீள இருக்கைகள், அணியத்தில் ஒரு படுக்கை, படிக்குப் பக்கத்தில் அடுக்களை. இருக்கைப் பலகையைத் தூக்கினால் அரிசி. தரைப் பலகையைத் தூக்கினால் தண்ணீர்த் தொட்டி. படியைக் கழற்றினால் என்ஜின். உட்கார்ந்திருப்பவரை எழுப்பாமல் எந்தப் பொருளையும் எடுக்க முடியாது.

“ரொம்பச் சின்னதா இருக்கே” என்று முகம் சுளிக்காதீர்கள். அமெரிக்க, கனடிய ஜோடியான லின், லாரி பார்டி இருவரும் 24 அடிப் படகில் உலகம் சுற்றியவர்கள். ‘செராஃபின்’ என்ற அந்தப் படகைத் தாங்களே கட்டி 1968இல் கடலில் இறக்கினார்கள். என்ஜினே கிடையாது. காற்று அடித்தால் பயணம், அடிக்காவிட்டால் பேச்சு! பதினோரு வருடம் அப்படியே ஓடியது. அவர்களுக்கு முன்னால் பிரிட்டனின் எரிக், சூசன் ஹிஸ்காக் தம்பதி 30 அடி ‘வாண்டரர் 3’ படகில் 1952இல் கிளம்பி 1955இல் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். அந்தப் படகு பிற்பாடு இன்னொரு ஜோடியின் கைக்குப் போய், அவர்களுக்கும் பல வருடம் வீடாக இருந்தது.

நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. இந்தியக் கடற்படையில் அதிகாரிகளாக இருந்த கௌரவ் கௌதம், வைதேகி சிட்னாவிஸ் தம்பதி வேலையை விட்டார்கள், வீட்டுச் சாமானைக் கழித்தார்கள், மகளையும் கூட்டிக்கொண்டு ‘ரீவா’ என்ற பாய்மரப் படகில் குடியேறிவிட்டார்கள். கரையில் ஒரு வீடு காலி செய்யும்போது நமக்கு லாரி வேண்டும். இவர்களுக்குப் பொருளைத் தூக்கிக் கொடுக்க மனசு வேண்டியிருந்தது.

அடுக்களையில் ஆடுகிற அடுப்பு

இங்கேதான் வாயைப் பிளக்கப் போகிறீர்கள். அடுப்பு ஆடுகிறது! இரண்டு பக்கமும் அச்சில் தொங்கவிட்டிருக்கிறார்கள். படகு சாய்ந்தால் அடுப்பு சாயாது, சாம்பார் மட்டமாகவே நிற்கும். சமைப்பவர்தான் சாய்வார். அதற்கு இடுப்பில் ஒரு வார்ப்பட்டை.

மேலைநாட்டுப் படகோடிகள் தலையில் வைத்துக் கொண்டாடும் பாத்திரம் எது தெரியுமா? பிரஷர் குக்கர்! மூடி பூட்டிக்கொள்வதால் அலையில் கவிழ்ந்தாலும் கொட்டாது, கேஸும் மிச்சம். அவர்கள் புத்தகம் போட்டுப் புகழ்கிற சங்கதி நம் மதினிக்குக் கல்யாணச் சீராக வந்தது. உருளைக்கிழங்கு வேகவைக்கும்போது கரையிலிருந்து விலகிய சுத்தமான கடல்நீரைக் கொஞ்சம் கலந்துகொள்வார்கள். உப்புப் போட வேண்டியதில்லை.

மேலே பாருங்கள், வலைத்தொட்டிலில் வெங்காயமும் உருளையும் ஆடுகின்றன. காற்றுப் பட்டால் சீக்கிரம் அழுகாது. முட்டையைக் கழுவக் கூடாது, குளிர்சாதனப் பெட்டி பார்க்காத முட்டையாக வாங்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருதரம் புரட்டி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். அட்டைப்பெட்டிக்குப் படகில் அனுமதியே இல்லை. கடையிலிருந்து வரும் அட்டை மடிப்புக்குள் கரப்பான் முட்டை ஒளிந்து வரும் என்பதால், சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியைக் கரையிலேயே எறிந்துவிடுவார்கள்.

டப்பா உணவு என்றால் மேலைநாட்டுப் படகோடிகளுக்கு பீன்ஸ், சூப். நம் மதினியின் அலமாரி வேறு ரகம். உடன்குடிக் கருப்பட்டி, சுக்கு, புளிக்காய்ச்சல், அவல், கருவாடு, இடித்து வைத்த மாசி. தூத்துக்குடி மக்ரூன் தனி டின்னில். முட்டை வெள்ளையும் முந்திரியும் சேர்த்துச் சுட்ட அந்தக் காய்ந்த கூம்பு, கடற்பயணத்துக்கென்றே பிறந்தது போல நாட்கணக்கில் கிடக்கும், மூடி இறுக்கமாக இருந்தால். கடலின் ஈரக்காற்று பட்டால் ஒரே ராத்திரியில் பிசுபிசுத்துவிடும். ஆகவே டின்னைத் திறந்தவர் மூட மறந்தால் அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

தாமிரபரணிக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பாடம்

குறுக்குத்துறையில் இறங்கி முங்கி முங்கிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதுதான் கஷ்டமான அத்தியாயம். தொட்டியில் இருப்பது முந்நூறு லிட்டர். இரண்டு பேரும் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இருபது லிட்டருக்குள் முடித்துக்கொண்டால் இரண்டு வாரம் ஓடும். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து, கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். குளியலும் அப்படித்தான்: பின்னணியத்தில் நின்று கடல்நீரை மொண்டு ஊற்றிக் குளித்துவிட்டு, முடிவில் ஒரு செம்பு நல்ல தண்ணீர். சாதாரண சோப்பு கடல்நீரில் நுரைக்காது. தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய சோப்பு நுரைக்கும். கடல்நீரை நல்ல தண்ணீராக்கும் கருவியும் சந்தையில் உண்டு. ஆனால் விலை அதிகம், மின்சாரமும் தின்னும்.

மின்சாரம் மேலே விரித்திருக்கும் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கை விழுங்குவது குளிர்சாதனப் பெட்டி. மேகம் மூடிய நாளில் அண்ணாச்சிக்கு ஐஸ் மோர் கிடையாது.

கக்கூஸ்? கேட்க மாட்டீர்களோ என்று பார்த்தேன்! ஓர் ஆள் நிற்கிற அறை, கைப்பம்பு. உட்கார்ந்து எழுந்தபின் இருபது தடவை அடிக்க வேண்டும். வாயால் தின்று இறங்கியதைத் தவிர வேறெதையும் உள்ளே போடக் கூடாது என்பது உலகம் முழுக்கப் படகுக் கழிவறைகளில் எழுதி ஒட்டியிருக்கும் சட்டம். அடைத்துக்கொண்டால் பிளம்பரை எங்கே கூப்பிடுவது? அண்ணாச்சிதான் பிளம்பர். எலெக்ட்ரீஷியனும் அவரே. பாய் தைப்பதும் என்ஜினுக்கு எண்ணெய் மாற்றுவதும் மதினி.

ராத்திரி யார் தூங்குவது?

நங்கூரம் போட்டுப் படுத்தால் இருவரும். ஓடிக்கொண்டிருந்தால் ஒருவர்தான். மூன்று மணி நேரம் ஒருவர் காவல், அடுத்த மூன்று மணி நேரம் மற்றவர். ஒரே படகில் வாழ்கிற ஜோடி, நீண்ட ஓட்டத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து சாப்பிடுவதே ஒரு வேளையோ இரண்டு வேளையோதான். படுக்கையின் ஓரத்தில் ஒரு துணித் தடுப்பு கட்டியிருக்கும், உருண்டு விழாமல் இருக்க.

சுக்கானைத் தானியங்கி பார்த்துக்கொள்ளும். கண் மட்டும் மனிதக் கண்ணாக இருக்க வேண்டும். பெரிய கப்பல்கள் தம் இருப்பிடத்தை ரேடியோவில் அறிவித்துக்கொண்டே போகும், அதனால் திரையில் தெரிந்துவிடும். நம் கடலில் சிக்கல் வேறு. விளக்கு மங்கலாக எரியும் ஃபைபர் வள்ளங்கள் திரையில் வராது. மீனவர்கள் விரித்த வலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இருட்டில் கண்டுபிடிப்பது அதைவிடப் பெரிய பாடு. என்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் ஒருவர் கத்தியோடு குதிக்க வேண்டும். வலை போனவர் வாழ்வாதாரம் போய் நிற்பார். அதனால் கரையை ஒட்டிய ஓட்டங்களைப் பகலிலேயே வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இப்போது சண்டைக்கு வருவோம்

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிப் போகிற மரத்தோணிகளில் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். தண்டல் சொன்னால் சொன்னதுதான். தோணி நெடுகிலும் மறுபேச்சு எழாது. ஜோடிப் படகில்தான் இந்த வம்பு: ஏறியிருப்பது இரண்டே பேர், இரண்டு பேருமே தண்டல்!

அது வெடிக்கிற இடம் நங்கூரம். ஒருவர் அணியத்தில் நின்று சங்கிலியை இறக்க வேண்டும், மற்றவர் பின்னால் என்ஜினையும் சுக்கானையும் பிடிக்க வேண்டும். ஐந்து மீட்டர் ஆழத்துக்கு இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து மீட்டர் சங்கிலி விட்டு, மெதுவாகப் பின்னால் இழுத்து, மண்ணைக் கவ்வியதா என்று பார்க்க வேண்டும். இடையில் காற்று. ஒருவர் கத்துவது மற்றவர் காதில் பாதிதான் விழும்.

“ஏங்க, பின்னால எடுங்க!”

“என்னது? முன்னாலயா?”

“பின்னால! பின்னால!”

“அதுக்கு எதுக்கு இப்படிக் கத்துற?”

பக்கத்துப் படகுக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு மேல்தளத்துக்கு வந்துவிடுவார்கள். உலகத்தின் எல்லா நங்கூரத் துறையிலும் சாயங்காலப் பொழுதுபோக்கு இதுதான். இதற்காகவே தலையில் மாட்டிப் பேசிக்கொள்ளும் கருவிகள் வந்துவிட்டன. ஆங்கிலப் படகோடிகள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘மேரேஜ் சேவர்’. தாலி காத்த கருவி! அதுவும் வேண்டாம் என்பவர்கள் கைச்சாடை பழகிக்கொள்கிறார்கள்.

நீடித்த ஜோடிகளைப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. அங்கே ஒருவர் தண்டல், மற்றவர் பயணி என்று இருப்பதில்லை. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர் தனியாகவே படகைத் துறை சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பெண் கடலில் இறங்குவதைப் பற்றி நம் கரைகளில் இன்னும் ஆயிரம் பேச்சு உண்டு. கேரளத்தின் சேட்டுவாயில் வேலையாட்கள் நின்றுவிட்டதால் கணவர் கார்த்திகேயனோடு மீன்பிடிக்கக் கடலில் இறங்கினார் ரேகா. நாட்டிலேயே ஆழ்கடல் மீன்பிடி உரிமம் பெற்ற முதல் பெண் என்று 2017இல் கொச்சி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அவரைக் கௌரவித்தது. அது உல்லாசப் பயணம் கிடையாது, பிழைப்பு. ஆனால் இரண்டு தண்டல் ஏறினாலும் படகு கரை சேரும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

எப்போது, எந்தப் பக்கம்?

குற்றாலத்தில் சாரல் விழுந்து, முப்பந்தல் காற்றாலைகள் பேய்ச்சுற்று சுற்றுகிற மாதங்களில் மன்னார் வளைகுடாவில் மேலக்காற்று பிய்த்து எடுக்கும். நமக்கு சீசன் என்றால் படகுக்கு விடுமுறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் பயம். 2017 நவம்பர் 30இல் கன்னியாகுமரிப் பக்கம் வந்த ஒக்கியை இந்தக் கரை மறக்கவில்லை. ஆகவே நெல்லைச் சீமைக் கடலோடி ஜோடிக்கு நல்ல காலம் ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை.

ராமேசுவரம் பக்கத்து மீனவர்களிடம் கற்றுக்கொள்ள ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாம்பனுக்கு வடக்கே வடகடல், தெற்கே தென்கடல். வாடைக் காலத்தில் வடகடல் குமுறும்போது தென்கடல் அடங்கிக் கிடக்கும். மேலக்காற்றில் அது அப்படியே மாறும். பாம்பன் பாலத்தைத் தாண்டத் தெரிந்தவனுக்கு ஒரு பக்கம் எப்போதும் மிச்சம்.

தூத்துக்குடியிலிருந்து பாம்பன் கடல்வழியாக ஏறக்குறைய 125 கிலோமீட்டர். நம் படகின் வேகம் சைக்கிள் வேகம். பதினாலு மணி நேரம் ஆகும், பஸ்ஸில் போகிறவர் சாமி கும்பிட்டுத் திரும்பியே வந்துவிடுவார்! வழியில் வரிசையாக 21 தீவுகள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. 1986 முதல் இது தேசியக் கடல் பூங்கா, அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. பவளத்தின் மேல் நங்கூரம் விழுந்தால் வளர எத்தனையோ வருடம் எடுத்த உயிர் ஒரு நொடியில் நொறுங்கும்.

பாம்பனில்தான் உச்சக்கட்டக் குதூகலம். 1914இல் கட்டிய பழைய ரயில் பாலத்தில் இரண்டு கைகளும் விரிந்து வழிவிட்டன. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் வரை மேலே போகிறது. துறைமுக அலுவலகத்தில் மனு கொடுத்து, நாள் குறித்து, மற்றப் படகுகளோடு வரிசையில் காத்திருக்க வேண்டும். நமக்காக ரயில் பாதையே எழுந்து நிற்கிறதென்றால் காத்திருக்க மாட்டோமா?

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா?

படகு விளம்பரம் தேடுவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு பரீட்சை எழுதிப் பாருங்கள். ஒரு சனி, ஞாயிறு போதும். இருபது லிட்டர் தண்ணீரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை அடுப்பு. ஏசி கிடையாது, ஃப்ரிட்ஜ் கிடையாது. ஒரே அறைக்குள் இரண்டு பேரும். ராத்திரி மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் ஒருவரை ஒருவர் எழுப்பி விடுங்கள். ஞாயிறு சாயங்காலம் கணவர் காரைப் பின்னால் எடுக்க, மனைவி வெளியே நின்று கையைக் காட்டி ஒரு சந்துக்குள் நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஆளை மாற்றி அதையே செய்யுங்கள். அதற்கப்புறமும் திங்கட்கிழமை காலையில் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டு காப்பி குடித்தால், தைரியமாகப் படகு பார்க்கக் கிளம்பலாம். பேரம் பேசுகிற வேலையை மட்டும் மதினியிடம் விட்டுவிடுங்கள்.