நெஞ்சுக்குள் ஒரு பூனை

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே சோளக்காட்டில் இறங்கியபோது வயிறு இன்னும் முப்பதாவது வளைவிலேயே இருந்தது. சந்தைப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மிளகு மூட்டையைக் காலால் அணைத்தபடி ஒரு பெரியவர். நான் டாக்டர் என்று தெரிந்ததும் மாத்திரைச் சீட்டை நீட்டுவார் என்று பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"ஏனுங்க டாக்டரு, பரீட்சைக்கு வர்ற புள்ளைங்க கையெல்லாம் எதுக்குங்க அப்படிச் சில்லுனு இருக்குது?"

பல வருஷத்துக்கு முன்னால் இதயக் கோளாறுக்காகக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாராம். கடைசி வருஷ மாணவர்களின் தேர்வுக்கு அவரையே 'கேஸ்' ஆக்கிவிட்டார்கள். ரெண்டு நாள், ரொட்டியும் டீயும், பத்துப் பன்னிரண்டு ஜோடிக் கைகள்.

கை சில்லிடுவதற்கு விடை சுலபம். பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும், தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், விரல் குளிரும். "அட, பயமுங்களா? அத்தன படிச்சும் என்ன பயம்?" என்றார். அதற்கு இன்னொரு டீ சொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் மருத்துவ மாணவருக்குப் பரீட்சை பயம் என்று ஒன்று கிடையாது. பரீட்சைக்கு ஒரு பயம்.

எழுத்துத் தேர்வு இருப்பதிலேயே பழகிய சங்கதி. கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1988 முதல் நடத்திவருவது. மூன்று மணி நேரம். கட்டுரை, சிறு குறிப்பு. முந்தின ராத்திரி ஹாஸ்டல் முழுக்கப் பழைய கேள்வித்தாள்களைக் கிளறி 'ரிப்பீட்' கேள்வி தேடும். மணிக்கட்டு வலிக்கும், மறந்துபோகுமோ என்று நெஞ்சு அடிக்கும். ஆனால் தாளைக் கொடுத்ததும் பயம் இறங்கிவிடும். நம்பர் போட்ட வளைவு மாதிரி இது. இன்னும் எத்தனை பாக்கி என்று தெரியும்.

ஸ்பாட்டர்ஸ் அப்படியில்லை. முதல் வருஷ உடற்கூறியல் அறை, கண்ணை எரிக்கும் ஃபார்மலின், வரிசையாக உறுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அம்புக்குறி. இது எந்த நரம்பு, எந்தத் தசை? எழுதத் தொடங்கும்போதே பெல் அடிக்கும், நகர்ந்தாக வேண்டும். ரெண்டு மேஜை தாண்டிய பிறகுதான் முந்தின விடை ஞாபகம் வரும். இன்றைக்கும் எங்காவது பள்ளிக்கூட மணி அடித்தால் எனக்குக் கால் தானாக நகரப் பார்க்கிறது.

அப்புறம், இந்தப் படிப்புக்குள் நுழையவே எழுதுகிற நீட். பெரியவர் பேர் கேள்விப்பட்டிருந்தார். 180 கேள்வி, 720 மதிப்பெண். "சரியாச் சொன்னா நாலு ரூபா வரவு, தப்பாச் சொன்னா ஒரு ரூபா கையை விட்டுப் போகும். சும்மா விட்டா ஒண்ணுமில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை தந்திருப்பாங்க, ஒண்ணுதான் சரி" என்றேன். மிளகு வியாபாரி இல்லையா, ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிட்டார். "அப்ப கண்ணை மூடிட்டு நாலு கேள்விக்குத் தொட்டா ஒண்ணாச்சும் விழுமுங்களே. நாலு ரூபா வந்து மூணு ரூபா போகுது. ஒரு ரூபா லாபந்தானுங்க."

சராசரியாகப் பார்த்தால் சரியான கணக்கு. ரெண்டு விடையைத் தள்ளிவிட்டு மிச்சம் ரெண்டில் ஒன்றைத் தொட்டால் லாபம் இன்னும் கூடும். கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை. இருந்தும் பிள்ளைகள் வட்டத்தை வெற்றாக விட்டுவிட்டு வருகிறார்கள். கையிலிருந்து போகும் ஒரு ரூபாய், வரப்போகும் நாலு ரூபாயைவிடப் பெரிதாகத் தெரிகிறது. எழுத்துத் தேர்வில் பயப்படுவது தெரியாததற்கு. இங்கே பயப்படுவது பாதி தெரிந்ததற்கு.

இந்தப் பயம் டாக்டரான பிறகும் விடுவதில்லை. மேற்படிப்புக்கான நீட்டில் 200 கேள்வி, மூன்றரை மணி நேரம். 2024 முதல் அதை நாற்பது நாற்பது கேள்வியாகப் பிரித்து, பகுதிக்கு 42 நிமிஷம் என்று வைத்தார்கள். நேரம் முடிந்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும், திரும்பிப் போக முடியாது. ஹவுஸ் சர்ஜன் வருஷத்தில், நோயாளியின் கையைப் பிடித்துக் கற்றுக்கொள்ள வேண்டிய நாட்களில், பிள்ளைகள் வார்டு மூலையில் நின்று ஃபோனில் கேள்வி தீர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எதற்கு மார்க்கோ அங்கேதான் கவனம் போகும்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு வேறு ரகம். எதிரே ஒரு முகம் உட்கார்ந்திருக்கும். கேள்வி கஷ்டமா என்று யாரும் கேட்பதில்லை; "எக்ஸ்டர்னல் எப்படி?" என்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளரைப் பற்றித்தான் கேட்பார்கள். உள்ளே போனவன் வெளியே வந்ததும் இருபது பேர் மொய்ப்பார்கள். என் காலத்தில் ஒரு தேர்வாளர், நான் சொன்ன சரியான விடைக்கு, புருவத்தைத் தூக்கி "ஷ்யூரா?" என்றார். அவ்வளவுதான், மாற்றிச் சொன்னேன், போயிற்று. பின்னாளில் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, மத்தியானம் மூன்று மணிக்குமேல் என் முகமும் அப்படித்தான் ஆகிறது என்று. காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் நான் ஒரே ஆள் இல்லை. மாணவர்கள் இதை அதிர்ஷ்டம் என்கிறார்கள். அநியாயம் என்று சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

இந்த அதிர்ஷ்டத்தைக் கழிக்கத்தான் ஸ்காட்லாந்தில் டண்டீயைச் சேர்ந்த ரொனால்ட் ஹார்டன் 1975-ல் ஒரு புது முறையை வெளியிட்டார். பெயர் ஆஸ்கி. வரிசையாகப் பல இடங்கள். ஒவ்வொன்றிலும் சில நிமிஷம், ஒரே ஒரு வேலை. எல்லாருக்கும் அதே கேள்வி, தேர்வாளர் கையில் அதே பட்டியல். 2019-ல் வந்த பாடத்திட்டத்துக்குப் பிறகு நம் கல்லூரிகளிலும் இந்தப் பேச்சு அதிகம். நியாயமான முறை என்று பிள்ளைகளே ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் ரப்பர் பொம்மைக்கு வணக்கம் சொல்லி, "உங்க கையைப் பிடிக்கலாங்களா" என்று அனுமதி கேட்டு மார்க் வாங்கிவிட்டு, வெளியே வந்து சிரிக்கவும் செய்கிறார்கள்.

"நான் படுத்திருந்தது இதுல எதுங்க?" என்றார் பெரியவர்.

அது லாங் கேஸ். அங்கே கேள்வித்தாளே நீங்கள்தான் என்றேன். மாணவர் முக்கால் மணி நேரம் போல நோயாளியோடு இருந்து, விசாரித்து, தொட்டுப் பார்த்து, பிறகு தேர்வாளரிடம் ஒப்பிக்க வேண்டும். நோயாளி தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; அந்த மாணவர்களுக்கு இந்தப் பாடு இருந்திருக்காது.

மொழி மாற்றுவது மட்டுமல்ல பாடு. "நடந்தா இரைக்குதுங்களா?" என்று கேட்டால் பெரியவர் "கொஞ்சங்க" என்பார். இதை அளக்க நியூயார்க் இதயச் சங்கம் வகுத்த நாலு படிகள் இருக்கின்றன. வழக்கமான வேலை செய்யும்போது இரைத்தால் ரெண்டாம் படி. மாணவர் அதையே எழுதிவிடுவார். ஆனால் யாருடைய வழக்கமான வேலை? தலையில் பலாப்பழத்தோடு மேடேறுவது இங்கே வழக்கமான வேலை. சமவெளியில் பஸ் ஸ்டாண்டு வரை நடப்பவரின் 'கொஞ்சம்' வேறு, இவருடைய 'கொஞ்சம்' வேறு. "என்ன வேலை செஞ்சா? எவ்வளவு தூரம்? போன வருஷம் இதே வேலைக்கு இரைச்சுதா?" என்று கேட்கிற பிள்ளை தேறிவிடும். எந்த நோயாளி அமைவார் என்பது குலுக்கல்தான், நியாயம் கம்மிதான். இருந்தாலும் ஒருவர் டாக்டராவாரா என்று எனக்குக் காட்டிய தேர்வு இது ஒன்றுதான்.

"என் நெஞ்சுக்குள்ள பூனை இருக்குதுன்னு பேசிக்கிட்டாங்க" என்று சிரித்தார். மைட்ரல் வால்வு சுருக்கம். சின்ன வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் விட்டுப்போகும் தழும்பு. இடது மார்பில் கை வைத்தால், பூனை மடியில் கிடந்து குறுகுறுப்பது போல அதிரும். இடப்பக்கம் ஒருக்களித்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால் சத்தம் நன்றாகக் கேட்கும்.

"தெரியுமுங்களே! ரெண்டு புள்ளைங்க அப்படிச் சொல்லவும், அடுத்து வந்தவங்களுக்கெல்லாம் நானே திரும்பிப் படுத்துக்கிட்டேன். பாவம், கை நடுங்குதே. பெரிய டாக்டரு பாத்துட்டாருங்க. 'சொல்லாம திரும்பக் கூடாது, மல்லாந்தே கிடங்க'ன்னு ஒரு சத்தம். மறுநாள் ஒரு பொண்ணு வந்து, 'ஐயா, இடப்பக்கம் திரும்புங்க'ன்னுச்சு. நான் அசையலையே. பெரிய டாக்டரு வந்து சொன்னாத்தான் திரும்புவேன்னுட்டேன். புள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்புறந்தான் திரும்பினேன்."

டீ கிளாஸை வைத்துவிட்டு, மூட்டையைத் தோளுக்கு ஏற்றியபடி கேட்டார்:

"அதுக்கும் ஒரு ரூபா புடிச்சிருப்பாங்களா டாக்டரு?"