ஒவ்வொரு டால்பினுக்கும் ஒரு பழக்கம்

ஒரு வீட்டில் நான்கு பேர் இருப்போம். ஒருவருக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். இன்னொருவருக்கு அந்த வாசனையே ஆகாது. கடலில் வாழும் விலங்குகளும் இப்படித்தானா? ஒரே இனம் என்றால் எல்லாம் ஒரே மாதிரிதான் இரை தேடுமா? இந்தக் கேள்விக்கும் மீனவர் பிழைப்புக்கும் தொடர்பு உண்டு.

மால்வண் கடலில்

நம் புனேயில் கடல் இல்லை. ஆனால் மகாராஷ்டிராவுக்கு நீண்ட கடற்கரை உண்டு. அதன் தென்கோடியில் சிந்துதுர்க் மாவட்டம் இருக்கிறது. அங்கே மால்வண் ஊருக்கு எதிரே, கடலுக்குள் சத்ரபதி சிவாஜி கட்டிய கோட்டை நிற்கிறது. அந்தக் கரையோரக் கடலில் டால்பின்கள் வாழ்கின்றன. தமிழ்நாட்டு மீனவர்கள் டால்பினை ஓங்கில் என்பார்கள்.

டால்பின் மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. மூச்சு விட நீருக்கு மேலே வரும். மால்வண் பக்கம் இருப்பது கூன்முதுகு டால்பின். காளைக்குத் திமில் இருப்பதுபோல் இதற்கும் முதுகில் ஒரு மேடு உண்டு. ஆழம் குறைந்த கரையோரத்தில்தான் இது மீன் தேடும்.

மீனவர்களும் அங்கேதான் வலை போடுகிறார்கள். சிக்கல் இதில்தான் வருகிறது. வலையில் பட்ட மீனை டால்பின் பிடுங்கித் தின்கிறது. வலை கிழிகிறது. சில நேரம் டால்பினே வலையில் மாட்டிக்கொள்ளும். மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகும். மீனவருக்குப் பண நட்டம். டால்பினுக்கு உயிர் நட்டம்.

எல்லா டால்பின்களும் வலைக்கு வருமா? சில மட்டும் வருமா? இதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு டால்பினையும் தனித்தனியாக அறிய வேண்டும்.

அடையாளம் காண்பது எப்படி?

ஆடு மேய்ப்பவர் தன் மந்தையில் ஒவ்வோர் ஆட்டையும் அறிவார். டால்பினை அறிய முதுகுத் துடுப்பு உதவுகிறது. துடுப்பின் ஓரத்தில் வெட்டும் தழும்பும் இருக்கும். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஆய்வாளர்கள் படகில் போய்த் துடுப்பைப் படம் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கிறார்கள். எது, எங்கே, எப்படி இரை தேடியது என்று பல ஆண்டுகள் குறித்து வைக்கிறார்கள்.

வேறு வழிகளும் உண்டு. கரை ஒதுங்கிய டால்பினின் வயிற்றில் மீன் முள் இருக்கும். அதைப் பார்த்து, என்ன தின்றது என்று சொல்லலாம். உயிருள்ள டால்பினின் தோலில் சிறு துணுக்கு எடுத்தும் சோதிக்கலாம். தின்ற உணவுதானே உடலாகிறது!

பிற நாடுகளில்

ஆஸ்திரேலியாவில் ஷார்க் விரிகுடா என்ற இடம் உண்டு. அங்கே சில டால்பின்கள் கடற்பஞ்சை மூக்கில் மாட்டிக்கொள்கின்றன. பிறகு கடல் தரையைக் கிளறி மீன் தேடுகின்றன. பஞ்சு இருப்பதால் மூக்கில் கீறல் விழாது. எல்லா டால்பின்களும் இப்படிச் செய்வதில்லை. தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. பெண் குட்டிகளே இதை அதிகம் கற்கின்றன.

பிரேசில் நாட்டில் லகூனா என்ற ஊர். அங்கே மீனவர்கள் வீச்சு வலையோடு தண்ணீரில் நிற்பார்கள். டால்பின்கள் மடவை மீன்களை அவர்கள் பக்கம் விரட்டி வரும். டால்பின் உடலை அசைத்துக் காட்டும்போது வலை வீசுவார்கள். இருவருக்கும் மீன் கிடைக்கும். அங்கேயும் சில டால்பின்களே இப்படி வரும். அவை எவை என்று மீனவர்களுக்குத் தெரியும்.

இதனால் என்ன பயன்?

வலைக்கு வருவது சில டால்பின்கள் மட்டும் என்றால், அவை வரும் இடத்தையும் நேரத்தையும் தவிர்க்கலாம். எல்லாமே வரும் என்றால் வேறு வழி தேட வேண்டும். உண்மை தெரியாமல் வழி பிறக்காது.

தினமும் கடலுக்குப் போகும் மீனவர் பார்ப்பது அதிகம். நாள், இடம், துடுப்பின் வடிவம், வலையில் இருந்த மீன் ஆகியவற்றை அவர் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். அந்த நோட்டு ஆய்வாளருக்கும் உதவும், அவருக்கும் உதவும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி டால்பினைக் கொல்வது குற்றம். டால்பின் வாழ வேண்டும். மீனவர் வீட்டில் அடுப்பும் எரிய வேண்டும்.

பேசுவோம்

1. டால்பினை மீன் என்று சொல்லலாமா? ஏன்?
2. ஒரு டால்பினை மற்றொன்றிலிருந்து எப்படிப் பிரித்து அறிகிறார்கள்?
3. நீங்கள் வளர்த்த ஆடு, மாடு, கோழிகளில் தனிப் பழக்கம் உள்ளது எது? நான்கு வரி எழுதுங்கள்.