தூங்கும் செல்பேசியை எழுப்புவது யார்?

சங்க நூலகத்திற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் அன்பர்கள், நான் சிறு கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் தொழிலில் இருப்பவன் என்று அறிந்ததும் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். முதல் கேள்வி: "ராத்திரி படுக்கும்போது பேட்டரி 80 சதவீதம் இருந்தது, காலையில் பார்த்தால் 45. யாரும் தொடாத போனில் சார்ஜ் எங்கே போகிறது?" இரண்டாவது: "ஊரில் தனியாக இருக்கும் அம்மாவின் போனில், மாத்திரை நேரத்தை நினைவூட்ட ஒரு செயலி போட்டுக் கொடுத்தோம். நான்கு நாள் மணி அடித்தது. பிறகு நின்றுவிட்டது. ஏன்?"

இரண்டு கேள்விகளும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. முதல் போன் தூங்க முடியாமல் தவிக்கிறது. இரண்டாவது போன் தூங்கிவிட்டது, அதை எழுப்ப வேண்டியவர் எழுப்பவில்லை. கருவிகள் எப்படித் தூங்குகின்றன, எப்படி விழிக்கின்றன என்பதைச் சற்று விளக்கமாகப் பார்த்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

கோழித்தூக்கமும் ஆழ்ந்த உறக்கமும்

கம்ப்யூட்டரோ செல்பேசியோ, அதன் இயங்குதளத்தின் நடுநாயகமாக இருக்கும் பகுதிக்குக் கர்னல் என்று பெயர். பிராசஸர், நினைவகம், திரை, ரேடியோ எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது அதுதான். ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் இருப்பது, பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கர்னலின் வழிவந்தது. வீட்டிலுள்ள வைஃபை பெட்டி, டி.வி.யோடு இணைக்கும் செட்டாப் பெட்டி என்று பல சிறு கருவிகளுக்குள்ளும் அதே கர்னல் இருக்கிறது.

திரை அணைந்தால் போன் தூங்கிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது கண்ணை மூடியிருக்கிறது, அவ்வளவுதான். செய்ய வேலை இல்லாத இடைவெளிகளில் பிராசஸர் கோழித்தூக்கம் போடும். நொடிக்குப் பலமுறை தூங்கி, பலமுறை விழிக்கும். இதில் ஓரளவு மின்சாரம் மிச்சமாகும். பெரிய மிச்சம் கிடைக்க வேண்டுமானால் ஆழ்ந்த உறக்கம் வேண்டும். அப்போது பிராசஸரின் மின்சாரமே துண்டிக்கப்படும். நீங்கள் பாதி எழுதிய கடிதமும், திறந்து வைத்த படமும் நினைவகத்தில் மட்டும் உயிரோடு இருக்கும். எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

வீட்டைப் பூட்டி ஊருக்குப் போவது போல

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் ஒரு மாதம் ஊருக்குப் புறப்படும் வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அன்று வீட்டில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் பால்காரரிடமும் பேப்பர் பையனிடமும் நாளை முதல் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். பிறகு ஃபிரிட்ஜைக் காலி செய்து அணைப்போம். கேஸ் சிலிண்டரை மூடுவோம். குழாய்களைச் சரிபார்ப்போம். எல்லாம் ஆன பின்புதான் மெயின் சுவிட்சில் கை வைப்போம். கடைசியாக எதிர்வீட்டு மாமியிடம் ஒரு சாவி கொடுத்து, "அவசரம் என்றால் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம்.

கர்னலும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போகிறது. முதலில் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளை எல்லாம் "அப்படியே நில்" என்று உறைய வைக்கிறது. லினக்ஸ் இதற்கு வழக்கமாக 20 வினாடி அவகாசம் தருகிறது. அதற்குள் யாராவது ஒருவர் நிற்க மறுத்தால், தூங்கும் முயற்சியையே கைவிட்டுத் திரும்பிவிடும்.

அடுத்தது, உள்ளேயிருக்கும் உறுப்புகளின் முறை. இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு: பிள்ளைக்குப் பிறகுதான் பெற்றோர். தொடுதிரையின் சில்லு ஒரு மெல்லிய கம்பித் தடத்தின் வழியாகத்தான் பிராசஸருடன் பேசும். அந்தத் தடத்தை முதலில் அணைத்துவிட்டால், தொடுதிரையிடம் "நீயும் தூங்கு" என்று சொல்ல வழி ஏது? ஆகவே தொடுதிரை முதலில், தடம் பிறகு. எழும்போது இந்த வரிசை தலைகீழாகும். பெற்றோர் முதலில் எழுந்து பிள்ளையை எழுப்ப வேண்டும்.

பிறகு பிராசஸரின் பல கோர்களில் ஒன்றைத் தவிர மற்றவை அணைக்கப்படும். மிஞ்சியிருப்பது நினைவகம். இன்றைய நினைவகம் ஓட்டைப் பானை மாதிரி. சேமித்த மின்னேற்றம் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும், அதனால் சாதாரண வெப்பநிலையில் 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை எல்லா அறைகளையும் புதுப்பித்தாக வேண்டும். விழித்திருக்கும்போது இதைப் பிராசஸர் பக்கத்துச் சுற்று கவனித்துக்கொள்கிறது. தூங்குமுன் கர்னல் அந்தப் பொறுப்பை நினைவகச் சில்லிடமே ஒப்படைக்கிறது. அதன் பிறகு கடைசிக் கோரும் அணைகிறது.

விழித்திருக்கும் மூவர்

இப்போது கர்னலே தூங்கிவிட்டது. அப்படியானால் யார் எழுப்புவது? எதிர்வீட்டு மாமிகள் மூவர் இருக்கிறார்கள்.

முதலாமவர் கடிகாரச் சில்லு. நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகத்தை வைத்து நேரம் காக்கும். காலை 5 மணி அலாரம் என்றால், தூங்குமுன் கர்னல் இதனிடம்தான் சொல்லி வைக்கிறது. இரண்டாமவர் மின்சாரத்தை நிர்வகிக்கும் சில்லு. பவர் பொத்தானை அழுத்தினாலோ சார்ஜரைச் செருகினாலோ இது தட்டி எழுப்பும். மூன்றாமவர் மோடம். இதற்கென்று தனிப் பிராசஸர் உண்டு. இதுவும் நாள் முழுதும் விழித்திருப்பதில்லை. 4ஜி விதிகளின்படி 0.32 வினாடி முதல் 2.56 வினாடி வரையிலான ஓர் இடைவெளியில் ஒருமுறை கண் விழித்து, "எனக்கு அழைப்பு உண்டா?" என்று கோபுரத்தின் குரலைக் கேட்டுவிட்டு மறுபடி சாயும். நள்ளிரவில் ஊரிலிருந்து அண்ணா கூப்பிட்டால், அதை முதலில் கேட்பது இந்த மோடம்தான். அது பெரிய பிராசஸரைத் தட்டி எழுப்பிய பிறகுதான் உங்கள் தலைமாட்டில் மணி அடிக்கிறது.

எழுந்த பின் ஒரு தொல்லை

மின்சாரம் துண்டிக்கப்பட்ட உறுப்பு எழும்போது, பிறந்த குழந்தைபோல எதுவும் தெரியாமல் எழும். அதன் அமைப்புகளைத் தூங்குமுன் எழுதி வைத்து, எழுந்ததும் திரும்பச் சொல்லித் தருவது அந்தந்த உறுப்புக்கான டிரைவர் என்னும் நிரலின் கடமை. எங்கள் பட்டறைக்கு ஒருமுறை ஒரு கையடக்கக் கருவி வந்தது. காலை முழுதும் நன்றாக வேலை செய்யும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் தொடுதிரை மரத்துப்போகும். படம் தெரியும், விரல் பட்டால் அசைவு இருக்காது. சூடா, ஈரமா என்று பலர் பலவிதமாக யோசித்தார்கள். உண்மை எளியது. ஊழியர்கள் கருவியைக் கீழே வைப்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். ஆகவே அது ஆழ்ந்து தூங்குவதும் அப்போது மட்டும்தான். தொடுதிரையின் டிரைவரை எழுதியவர்கள், தூக்கத்தில் அந்தச் சில்லுக்கு மின்சாரம் தொடர்ந்து இருக்கும் என்று எண்ணியிருந்தார்கள். எழுந்ததும் அமைப்புகளைத் திரும்ப எழுதும் சில வரிகளைச் சேர்த்ததும் தொல்லை தீர்ந்தது.

கதவைப் பூட்டும் நேரத்தில் மணி அடித்தால்?

இந்தத் துறையின் மிகக் கடினமான சிக்கலுக்கு இப்போது வருகிறேன். பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றியாகிவிட்டது. சாவியைப் பூட்டில் திருப்பும் அந்த நொடியில் உள்ளே டெலிபோன் அடிக்கிறது. நமக்குக் கேட்டதா இல்லையா என்று நிச்சயமில்லை. போய்விட்டால் அது முக்கியமான அழைப்பாக இருக்கலாம்.

கர்னலுக்கும் இதே தர்மசங்கடம். தூங்கும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் அழைப்போ செய்தியோ வந்துவிட்டால், அதைக் கையாள வேண்டிய செயலி ஏற்கெனவே உறைந்திருக்கும். வந்த செய்தி கவனிப்பாரின்றிக் கிடக்க, கருவி நிம்மதியாகத் தூங்கிவிடும்.

2008-இல் முதல் ஆண்ட்ராய்டு செல்பேசி வந்தபோது, கூகுள் பொறியாளர்கள் இதற்கு 'வேக் லாக்' என்ற ஒரு வழியைக் கையாண்டார்கள். அதாவது விழிப்புப் பூட்டு. யாருக்காவது வேலை பாக்கி இருந்தால் அவர் ஒரு பூட்டைப் பிடித்துக்கொள்வார். ஒரு பூட்டாவது பிடிபட்டிருக்கும் வரை கருவி ஆழ்ந்து தூங்காது. எல்லாப் பூட்டுகளும் விடுபட்டதும் தானாகத் தூங்கும். இதைப் பொது லினக்ஸ் கர்னலில் சேர்க்கலாமா என்று 2009-லும் 2010-லும் கர்னல் வல்லுநர்களிடையே கடும் வாதம் நடந்தது. செயலி எழுதுகிறவர் எல்லோரும் பொறுப்பாகப் பூட்டை விடுவார்கள் என்று நம்ப முடியுமா என்பது எதிர்த்தவர்களின் கேள்விகளில் ஒன்று.

போலந்து நாட்டைச் சேர்ந்த ரஃபேல் விசோட்ஸ்கி வேறொரு வழி சொன்னார். எழுப்பும் நிகழ்ச்சிகளுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூங்கத் தொடங்குமுன் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்பாடுகளின் நடுவே எண் மாறினால், யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள். தூக்கத்தை ரத்து செய்துவிட்டுத் திரும்புங்கள். 2010-இல் வந்த 2.6.36 பதிப்பில் இது சேர்ந்தது. 2012-இல் வந்த 3.5 பதிப்பில், இந்த அடித்தளத்தின் மீதே ஆண்ட்ராய்டுக்குத் தேவையான தானியங்கித் தூக்கமும் விழிப்புப் பூட்டும் வேறு வடிவில் இடம் பெற்றன. இரு தரப்பாரும் தத்தம் கவலை தீர்ந்த ஓர் இடத்தில் சந்தித்தார்கள்.

இரண்டு கேள்விகளுக்கும் விடை

முதல் கேள்வியில் கண்ட போனில், பெரும்பாலும் ஏதோ ஒரு செயலி விழிப்புப் பூட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கும், அல்லது சில நிமிடங்களுக்கு ஒருமுறை போனை எழுப்பிக்கொண்டே இருக்கும். சிக்னல் மோசமான இடத்தில் மோடம் கோபுரத்தைத் தேடி அலைவதும் உண்டு. செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதிக்குப் போனால் எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்ற பட்டியல் இருக்கும். தேவையில்லாத பெயர் மேலே இருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். விடாப்பிடியான செயலிகளை அடக்க, 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 பதிப்பில் 'டோஸ்' என்ற ஏற்பாடு வந்தது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போனில் செயலிகளின் பின்னணி வேலைகள் தள்ளிப்போடப்படும். எப்போதாவது ஒருமுறை சற்று நேரம் கதவு திறக்கும், அப்போது எல்லோரும் தத்தம் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். போன் அழைப்பு தடைப்படாது, கடிகாரச் செயலியின் அலாரமும் அடிக்கும். மற்ற செயலிகளின் நினைவூட்டல் தாமதமாகலாம். இது போதாதென்று தயாரிப்பாளர்கள் சிலர், பல நாள் திறக்கப்படாத செயலிகளை அடியோடு நிறுத்தும் சொந்தக் கட்டுப்பாடுகளையும் சேர்த்திருக்கிறார்கள். அம்மா அந்தச் செயலியைத் திறந்து பார்ப்பதே இல்லை. மணி அடித்தால் மாத்திரை போடுவார். ஆகவே அது வேண்டாத செயலி என்று போன் முடிவு கட்டிவிடுகிறது.

பரிகாரம் எளிது. அந்த ஒரு செயலிக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாடு வேண்டாம் என்று செட்டிங்ஸில் விலக்கு கொடுங்கள். அதைவிட நம்பகமானது, மாத்திரை நேரங்களைப் போனிலேயே இருக்கும் கடிகாரத்தில் தினசரி அலாரமாக வைத்துவிடுவது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இந்த ஐந்து நிமிட வேலையை மறக்க வேண்டாம்.

தூங்க வைப்பவர் எழுப்பும் வழியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டின் உதாரணம் ஒன்று உண்டு. 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்தியைச் செப்டம்பர் 2-ஆம் தேதியும், விக்ரம் கலத்தை 4-ஆம் தேதியும் இஸ்ரோ உறங்க வைத்தது. ஆய்வுக் கருவிகள் அணைக்கப்பட்டன, ஆனால் பூமியின் குரலைக் கேட்கும் ரிசீவர்கள் அணைக்கப்படவில்லை. ஊர்தியின் சூரியத் தகடு, 22-ஆம் தேதி எதிர்பார்த்த சூரியோதயத்தை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டது. நிலவின் ஒரு பகலுக்காக, அதாவது நமது 14 நாட்களுக்காக மட்டுமே அமைக்கப்பட்ட கலங்கள் அவை. நிலவின் கடுங்குளிர் இரவுக்குப் பின் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. ஆயினும், எழுந்தால் கேட்கட்டும் என்று ஒரு காதைத் திறந்து வைத்தார்களே, எங்கள் தொழிலில் நாள்தோறும் செய்வதும் அதைத்தான்.

வீட்டுக் கருவிகளின் தூக்கம், விழிப்பு பற்றி வேறு ஐயங்கள் இருந்தால் அன்பர்கள் சங்க அலுவலகத்துக்கு எழுதலாம். எனக்குத் தெரிந்தவரை வரும் இதழ்களில் விடை தர முயல்கிறேன்.